மேலே பறக்குது, கீழே இழுக்கல

பங்சாரில் ஜாலான் மாரோஃப், புக்கிட் பண்டாராயாவை நோக்கி மேடேறும் இடத்தில் மாலை ஆறரை மணிக்கு நின்றால், ஒரு காரின் எஞ்சினைக் காதாலேயே எடைபோட்டுவிடலாம். நெரிசல் நகரும், நிற்கும், மறுபடி நகரும். இரண்டாம் கியரில், நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்கு மேல் போக வழியில்லாமல் வண்டி மேட்டில் ஊர்ந்தாக வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பழைய மைவி சத்தமில்லாமல் ஏறிப்போகும். அதன் பின்னால், எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றி, புகைக்குழாயைப் பெரிதாக்கி, பானட்டுக்குள் காற்றை வடிகட்டும் திறந்த பாட் ஃபில்டர் பொருத்திய ஒரு புரோட்டோன் ஜென்-2 வரும். உறுமும். ஆனால் ஏறாது. ஓட்டுபவர் கியரை இறக்கி, ஆக்சிலேட்டரை மிதித்து, 4,000-ஐத் தொட்டதும் வண்டி திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். அதற்குள் முன்னால் இருப்பவரின் பிரேக் விளக்கு எரிந்துவிடும்.

அந்த ஜென்-2-இன் டேஷ்போர்டு டிராயரில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். டைனோ, அதாவது எஞ்சின் பலத்தை அளக்கும் மேடையில் போட்ட தாள். வேலைக்கு முன் சக்கரத்தில் 88 குதிரைத்திறன், வேலைக்குப் பின் 96 என்று இரண்டு கோடுகள். போமனிடம் — கிள்ளான் பள்ளத்தாக்கில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர் — உரிமையாளர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: “அண்ணே, மேல பறக்குது, கீழ இழுக்கல.”

தாளும் பொய் சொல்லவில்லை, மேடும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் எஞ்சின் மாற்றியமைக்கும் தொழிலின் பழைய தலைவலி. செலவு செய்தவர் எட்டுக் குதிரையை வாங்கினார்; ஆனால் எந்தச் சுழற்சியில் வாங்கினார், அதற்கு ஈடாக எந்தச் சுழற்சியில் எதை விற்றார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கணக்கு சின்னது. முறுக்குவிசை என்பது எஞ்சின் தண்டைத் திருகும் பலம். குதிரைத்திறன் என்பது அந்தத் திருகலை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை செய்ய முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்த வேலை வேகம். நியூட்டன் மீட்டரைச் சுழற்சி எண்ணால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். ஆகவே முறுக்குவிசை ஏறாமலேயே குதிரைத்திறனை ஏற்றலாம்: அதே திருகலை இன்னும் உயர்ந்த சுழற்சியில் தக்கவைத்தால் போதும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த உச்ச எண். ஜாலான் மாரோஃப் மேட்டில் உதவுவது 2,000-க்கும் 3,500-க்கும் இடையே கோடு எங்கே கிடக்கிறது என்பது.

மலேசியாவில் இந்த விஷயத்தைச் சாதாரண ஓட்டுநர்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தது புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சின். 1985-இல் சாகா வந்ததிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புரோட்டோன் பெரும்பாலும் மிட்சுபிஷி எஞ்சின்களை நம்பியே ஓடியது. 1996-இல் லோட்டஸ் கைக்கு வந்தபின், அவர்களோடு சேர்ந்து சொந்தமாக உருவாக்கிய 1.6 லிட்டர் கேம்ப்ரோ 2004-இல் ஜென்-2 காரில் இறங்கியது. தாளில் குறையே இல்லை: 6,000 சுழற்சியில் 82 கிலோவாட், அதாவது 110 குதிரைத்திறன்; 4,000-இல் 148 நியூட்டன் மீட்டர். சாலையில்தான் முணுமுணுப்பு எழுந்தது. 2,500-க்கும் 3,500-க்கும் இடையில் முறுக்குவிசை ஏறாமல் சரிந்து, பிறகு 4,000-இல் உச்சத்துக்கு எழுந்தது. ‘டார்க் டிப்’ என்ற சொல், எஞ்சினைத் திறந்தே பார்க்காதவர்கள் வாயிலும் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நாலாம் கியரில் ஒரு லாரியை முந்த நினைக்கிறவருக்கு, மிதித்ததும் கிடைக்க வேண்டியது சற்றுத் தாமதமாகவே கிடைத்தது.

இந்தப் பள்ளம் பழுது அல்ல, காற்றின் இயல்பு. உள்ளிழுக்கும் வால்வு மூடும்போது உள்ளே பாய்ந்துவந்த காற்று முட்டி, அழுத்த அலையாகக் குழாய் வழியே திரும்பிப் போகிறது. மறுமுனையில் மோதி மீண்டும் வருகிறது. அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் தள்ளப்படும். நேரம் தவறினால் வரவேண்டிய காற்றும் குறையும். குழாயின் நீளம்தான் எந்தச் சுழற்சியில் நேரம் பொருந்தும் என்பதை முடிவுசெய்கிறது. நாயனக்காரர்களுக்கு இது புதிதல்ல: நீளமான பாரி நாயனம் தாழ்ந்த சுருதியில் பேசும், குட்டையான திமிரி உச்சத்தில் கத்தும். ஒரே நீளமுள்ள குழாயை வைத்துக்கொண்டு இரண்டு சுருதியும் கேட்டால் நடுவில் எங்கோ ஓர் ஓட்டை விழத்தான் செய்யும்.

புரோட்டோன் செய்த வைத்தியமும் குழாயின் நீளத்தில்தான். 2008-இல் வந்த சிபிஎஸ் வகையில் இரண்டு நீளமுள்ள உள்ளிழுப்புக் குழாய் வைத்தார்கள்: தாழ்ந்த சுழற்சியில் நீளமான வழி, 4,800-க்கு மேல் குட்டை வழி. கேம் தண்டும் 3,800 அளவில் வேறு வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். விளைவை எண்களில் பார்த்தால் வேடிக்கை. உச்ச முறுக்குவிசை 148-லிருந்து 150-க்குத்தான் ஏறியது, வெறும் 2 நியூட்டன் மீட்டர். ஆனால் திறன் 82 கிலோவாட்டிலிருந்து 6,500 சுழற்சியில் 93 கிலோவாட்டாகிவிட்டது. மேலே சொன்ன 9,549-ஐ வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் ரகசியம் வெளியே வரும். பழைய எஞ்சின் தன் திறன் உச்சமான 6,000-இல் தருவது 130 நியூட்டன் மீட்டர் அளவு. புதியது இன்னும் 500 சுழற்சி மேலே போயும் ஏறக்குறைய 137-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பலம் பிறக்கவில்லை. இருந்த பலம் சீக்கிரம் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த டர்போ வகையான சிஎஃப்இ இதே பாடத்தை எதிர்த்திசையில் சொல்கிறது. 5,000 சுழற்சியில் 103 கிலோவாட் — சிபிஎஸ்ஸைவிடப் பத்துதான் கூடுதல். ஆனால் 205 நியூட்டன் மீட்டர் 2,000-லிருந்து 4,000 வரை மேசைபோலத் தட்டையாக நிற்கிறது. எக்ஸோரா போல்டில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு காராக் மேடு ஏறியவர்களுக்கு அந்த மேசைதான் காரின் குணம். 103 என்ற எண் அவர்களுக்கு நினைவில்கூட இருக்காது.

டைனோ அறைக்குள் போவோம். தரையில் இரண்டு உருளை. முன்சக்கரங்கள் அவற்றின் மேல். பின்பக்கம் இரும்பு வளையங்களில் வண்டியைப் பட்டைகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ரேடியேட்டருக்கு எதிரே ஆளுயர விசிறி, பானட் திறந்தபடி. ஐந்து கியர் வண்டியென்றால் நாலாம் கியர், ஏனென்றால் அதன் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு அருகில் இருக்கும். 1,500-லிருந்து முழுதாக மிதித்து, சிவப்புக் கோடு வரை விட்டு, காலை எடுப்பார்கள். பத்துப் பதினைந்து வினாடி. அறை முழுவதும் சூடான ரப்பர் வாசனை. திரையில் ஒரு கோடு. வாடிக்கையாளர் கைப்பேசியில் படம் எடுப்பது அந்தக் கோட்டின் உச்சியை மட்டும்தான்.

அந்தக் கோட்டுக்குள் எத்தனை கைகள் புகுந்திருக்கின்றன என்று பார்த்தால் மிரட்சியாக இருக்கும். கனமான உருளையை எஞ்சின் எவ்வளவு வேகமாக முடுக்குகிறது என்பதை வைத்துக் கணக்கிடும் மேடை ஒரு வகை. மின்காந்த பிரேக்கால் எதிர்ப்புச் சுமை கொடுத்து அளப்பது இன்னொரு வகை. சக்கரத்தையே கழற்றிவிட்டு ஹப்பில் நேராகப் பொருத்தும் நியூசிலாந்து டைனாபேக் போன்றவை மூன்றாம் வகை. ஒரே காரை மூன்றிலும் ஏற்றினால் மூன்று எண் வரும். உருளை வகையில் டயர் காற்றழுத்தமும், பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள் என்பதும்கூடச் சேர்ந்துகொள்ளும். பட்டையை ஒரு திருகு கூடுதலாக இறுக்கினால் டயர் உருளையில் அதிகம் அமுங்கி, ஓரிரு குதிரையைத் தின்றுவிடும்.

பிறகு வானிலை. அமெரிக்கத் தரமான எஸ்ஏஇ ஜே1349, 25 டிகிரி வெப்பமும் 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்றும் என்று வைத்துக்கொள்கிறது. கோலாலம்பூர் பிற்பகலில் 32 டிகிரி. காற்றில் மிதக்கும் நீராவி மட்டுமே 3 கிலோபாஸ்கலுக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூத்திரத்தில் போட்டால் அளந்த எண்ணோடு 3 முதல் 4 விழுக்காடு கூட்டவேண்டிவரும். காலை எட்டு மணிக்கென்றால் 1.5 விழுக்காட்டுக்கு அருகில். அதாவது ஒன்றுமே செய்யாமல் காலை ஒருமுறையும் பிற்பகல் ஒருமுறையும் திருத்தமில்லாத கோடு போட்டால், 90 குதிரை வண்டியில் இரண்டு குதிரை காணாமல் போகும். இதைவிடத் தாராளமான பழைய ‘எஸ்டிடி’ திருத்தமும் மென்பொருளில் ஒரு சொடுக்கில் கிடைக்கிறது, அது 15.5 டிகிரி குளிரான நாளை எடுத்துக்கொண்டு, எண்ணைச் சில விழுக்காடு உயர்த்திக் காட்டும். முன்கோடு ஒரு திருத்தத்திலும் பின்கோடு இன்னொன்றிலும் அச்சானால், ஸ்பேனரைத் தொடாமலேயே ‘முன்னேற்றம்’ வந்துவிடும். தாளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்றெழுத்தை முதலில் படிக்கிற போமன்தான் நம்பத்தக்கவர்.

டர்போ காருக்கு இந்தத் திருத்தம் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதன் கணினி காற்றழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவில் தானே பிடித்துக்கொள்கிறது. வெளியே காற்று மெலிந்திருந்தால் டர்போவை இன்னும் சுழற்றி ஈடுகட்டிவிடும். அப்படியிருக்க மேலே 4 விழுக்காடு கூட்டினால் இல்லாத குதிரைகள் வந்து நிற்கும். கெந்திங் மலையில் இதை யாரும் உணரலாம். 1,800 மீட்டர் அளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும்போது டர்போ வண்டி அதிகம் அலட்டிக்கொள்ளாது.

குதிரையிலும் சாதி உண்டு. பிரிட்டிஷ் குதிரை 745.7 வாட், ஜெர்மனியும் ஜப்பானும் பயன்படுத்தும் பிஎஸ் 735.5 வாட். 82 கிலோவாட் ஒன்றில் 110, மற்றதில் 111. அச்சிடும்போது ஒரு குதிரை இலவசம். அதோடு, சக்கரத்தில் அளந்ததை ‘15 விழுக்காடு இழப்பு’ என்று கூட்டி எஞ்சின் எண்ணாக்கும் பழக்கம் வேறு. கியர்பெட்டி இழப்பு அப்படி நிலையான விழுக்காடாக நடந்துகொள்வதில்லை. சுழற்சி, எண்ணெயின் சூடு, டயர் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது அது. ஒப்பிடுவதென்றால் சக்கர எண்ணைச் சக்கர எண்ணோடு, அதே மேடையில், அதே கியரில், எஞ்சின் அதே அளவு சூடானபின் ஒப்பிட வேண்டும். அதற்கு முதல் தேவை, வேலை தொடங்குமுன் போட்ட கோடு. பெரும்பாலான தகராறுகளில் இல்லாமல் போவது அந்த ஒன்றுதான். பூட்டியபின் கழற்றிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

தயாரிப்பாளர்களே இந்த வலையில் விழுந்ததுண்டு. ஃபோர்டு 1999-இல் 320 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற எஸ்விடி மஸ்டாங் கோப்ராவை வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்து, எண் வரவில்லை என்று குரல் கொடுத்தார்கள். நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, உள்ளிழுப்புக் குழாயையும் எஞ்சின் கணினியையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னுள்ள புகைக்குழாய் முழுவதையும் மாற்றிக் கொடுத்தது. கவனிக்க வேண்டியது மாற்றிய பாகங்களின் பட்டியலை: காற்று உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, இரண்டுக்கும் நடுவே கட்டளையிடும் மூளை. பங்சாரில் ஒரு போமன் தேடுவதும் இதே மூன்று இடங்களில்தான்.

கோட்டின் வடிவம் பாதி நோயைச் சொல்லிவிடும். மேலே ஏற்றம், கீழே சரிவு என்றால் முதல் சந்தேகம் குழாய்களின் மேல். அளவுக்கு மிஞ்சிய விட்டமுள்ள புகைக்குழாயில் தாழ்ந்த சுழற்சியின் புகை வேகமிழந்து, சிலிண்டரிலிருந்து மிச்சப் புகையை இழுத்துப்போகும் வேலையைச் செய்யாது. நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும் 4-1 எக்ஸ்ட்ராக்டர் உச்சத்தை விரும்பும். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 நடுப்பகுதியைக் காப்பாற்றும். நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு 4-1 விற்பது, தண்ணீர் எடுக்க வந்தவருக்குச் சல்லடை விற்பதுபோல. ஆனாலும் சத்தம் நன்றாக இருப்பதால் அது விற்கிறது.

அதே வடிவத்துக்கு இன்னொரு காரணம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. சூடேறி வளைந்த சிலிண்டர் ஹெட்டை ஸ்கிம் செய்து பூட்டுவது வழக்கம். தகடு அளவு உலோகம் சீவப்பட்டதும் கேம் தண்டுக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறது. டைமிங் பெல்ட் எஞ்சினில் கேம் கொஞ்சம் பின்தங்கிவிடும். பின்தங்கிய கேம் உச்சத்துக்கு உதவி, கீழே குழிபறிக்கும். குறிகள் எல்லாம் நேராகத்தான் தெரியும். போமன் சத்தியம்கூடச் செய்வார். பெல்ட்டே ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். அப்போது வண்டி கிளம்பும், ஓடும், ஆனால் நோயாளிபோல ஓடும்.

கோடு முழுதுமே பழையதைவிடக் கீழே கிடந்தால் காற்றின் சூட்டையும் தீப்பொறி நேரத்தையும் பார்க்க வேண்டும். எரிபொருள் தாங்கும் அளவுக்கு மீறி அழுத்தமோ சூடோ கூடும்போது நாக்கிங் வரும். டின்னுக்குள் சில்லறையைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். நாக் சென்சர் இருக்கும் எஞ்சின் உடனே தீப்பொறியைத் தள்ளிப்போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உரிமையாளருக்குச் சத்தமே கேட்காது, பலம் மட்டும் போயிருக்கும். கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினுக்கு ரோன் 95 பெட்ரோல் அடித்துவிட்டு, டைனோ அன்று மட்டும் ரோன் 97 அடிப்பவர்கள் உண்டு. அது பரீட்சைக்கு அண்ணனை அனுப்பும் வேலை.

6,000-க்கு மேல் கோடு பாறைபோல முறிந்தால் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், தளர்ந்த வால்வு ஸ்பிரிங். லாம்டா கோட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெட்ரோல் தீர்ந்துபோகும் இடம் தெளிவாகத் தெரியும்: காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு ஒன்று என்பது அமைதியான ஓட்டத்துக்கு. முழு மிதியில் சாதாரண எஞ்சின் 13-க்குக் கீழே, டர்போ 12 பக்கம் இருக்க வேண்டும். சுழற்சி ஏறி, உருளையின் வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினைத் திட்டிப் பயனில்லை. கோடு ரம்பப்பல் போல் இருந்தால் பிளக், காயில்.

கணினியோடு மோதும் நோய்கள் தனி ரகம். சென்சருக்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்து பொய்க் கணக்கு சொல்லும் ‘பிக்கிபேக்’ பெட்டிகள் இங்கே நெடுநாள் செல்வாக்கோடு இருந்தவை. அமைதியான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சரை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கணினி, அந்தப் பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்துச் சமன்செய்துவிடும். முதல் வாரம் கிடைத்த துள்ளல் அடுத்த வாரம் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி நீண்டகால எரிபொருள் திருத்தத்தைப் பார்த்தால், கணினி 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டியோ குறைத்தோ போராடுவது தெரியும். எங்கோ காற்றுக் கசிவு இருந்தாலும் இதே அடையாளம்தான்.

இன்றைய வண்டிகளில் மிதியை அழுத்துவது ஒரு விண்ணப்பம் மட்டுமே. 1.5 லிட்டரில் 177 பிஎஸ், 255 நியூட்டன் மீட்டரோடு வந்த புரோட்டோன் எக்ஸ்50 போன்ற கார்களில் கணினி முறுக்குவிசையையே கணக்கிட்டு வழங்குகிறது. வெளியிலிருந்து அழுத்தத்தை ஏற்றினால், ‘நான் சொன்னதைவிட அதிகம் வருகிறதே’ என்று அது திராட்டிலை மூடிவிடும். மிதி 100 விழுக்காடு, திராட்டில் 70 விழுக்காடு என்று பதிவில் தெரிந்தால் அங்கே பாகம் எதுவும் பழுதில்லை. கியர் விகிதம் தொடர்ந்து மாறும் சிவிடி வண்டிகளை டைனோவில் வைப்பது வேறு ரகத் தொல்லை. விகிதம் ஒரு நிலையில் நிற்காததால் முறுக்குவிசைக் கோட்டுக்கே சரியான பொருள் இருக்காது.

மண்ணெண்ணெய் வாசமும் பழைய இரும்பும் மண்டிய ஹாஃப்-கட் கடைகளைச் சொல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கின் எஞ்சின் கதை முழுமையாகாது. ஜப்பானில் ஓட்டம் முடித்த காரை முன்பாதியாக வெட்டி, எஞ்சின், கியர்பெட்டி, வயர் எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கும் கடைகள் அவை. 1994-இல் வந்த கஞ்சில் 660-இன் எஞ்சின் சுமார் 31 குதிரைத்திறன். அதே குடும்பத்து டைஹட்சுவின் நாலு சிலிண்டர் டர்போ, ஜப்பானின் சிறுகார் வரம்பான 64 பிஎஸ் தரும். பழைய மைவியின் 1.3 லிட்டருக்குப் பதில், ஒய்ஆர்வி டர்போவின் 140 பிஎஸ் எஞ்சின் ஏறக்குறைய அச்சொட்டாக அமரும். புரோட்டோன் வீராவின் 1.5-ஐ எடுத்துவிட்டு 1.8 லிட்டர் 4ஜி93 வைப்பது ஒரு தலைமுறை இளைஞர்களின் கனவு.

இந்த மாற்றங்களில் நோய் கண்டறிவது இன்னும் சிக்கல், ஏனென்றால் ஒப்பிட முன்கோடே கிடையாது. அந்த எஞ்சின் ஒசாகாவில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த எண்ணெய் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே டைனோவுக்குமுன் கம்ப்ரஷன் பார்ப்பதே முறை: நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா? டர்போ குழாய்களில் புகையை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்த்தார்களா? இதைச் செய்யாமல் மேப் எழுதுவது, காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் முடித்து, பதிவுச் சான்றான கிராண்டில் புது எஞ்சின் எண்ணை ஏற்றுவதும் கட்டாயம். 1,468 சிசி வீராவுக்கு ரோட் டெக்ஸ் 90 ரிங்கிட்; 1,834 சிசி வந்ததும் 297 ரிங்கிட். எண்ணை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் மிச்சம் பிடிப்பது 207 ரிங்கிட். விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தால் இழப்பது காரையே.

உச்ச எண்ணில் மயங்குகிறவர்களுக்கு ராலி உலகம் நல்ல மருந்து. 2002-இல் கரம்ஜித் சிங் உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் என்ற, மிட்சுபிஷி எவோவின் மறுபெயர் காரில். அப்போது அந்தப் பிரிவில் டர்போவின் வாயில் 32 மில்லிமீட்டர் துளையுள்ள வளையம் கட்டாயமாக இருந்தது. அந்தத் துளை வழியே ஒரு நொடியில் போகக்கூடிய காற்றுக்கு மேல்வரம்பு உண்டு. காற்றின் வரம்பே திறனின் வரம்பு. உச்சத்தில் வாயைக் கட்டிவிட்டதால் எஞ்சின்காரர்கள் பலத்தையெல்லாம் கீழேயும் நடுவிலும் கொட்டினார்கள். சுழற்சி ஏற ஏற முறுக்குவிசை இறங்கும். திறன் கோடு தட்டையாக நீளும். செம்மண் பாதையில் வளைவிலிருந்து வெளியேறும்போது எந்தக் கியரில் இருந்தாலும் மிதித்ததும் இழுக்கும் வண்டி அது. விளம்பரத்துக்குத்தான் அந்தக் கோடு அழகாக இருக்காது.

டைனோவுக்குப் பணம் கட்டாமலும் ஓரளவு உண்மையைக் கறந்துவிடலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை, போக்குவரத்து இல்லாத சமதளத்தில், மூன்றாம் கியரில் 50-லிருந்து 70 கிலோமீட்டருக்கு முழு மிதியில் ஏற்ற 3.5 வினாடி ஆனால், சக்கரத்தில் சராசரியாக 32 கிலோவாட் அளவு வேலை நடந்திருக்கிறது. மாற்றத்துக்குப் பின் அது 3.9 ஆனால் 28.5. பல 1.6 லிட்டர் கார்களுக்கு அந்த வேகம், கேம்ப்ரோ பள்ளம் இருந்த அதே சுழற்சிப் பகுதியை ஒட்டியது. இரு திசையிலும் மும்மூன்று முறை, அதே எரிபொருள் அளவோடு எடுத்து எழுதிவைத்தால், விசிறியும் பட்டையும் இல்லாத ஓர் அளவு கைக்கு வந்துவிடும். எஞ்சின் வேலைக்குச் சில ஆயிரம் ரிங்கிட் கொடுக்கிறவர்கள் இந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கத் தயங்குவது ஏன் என்பது விளங்காத புதிர்.

ஜாலான் மாரோஃப் மேட்டில் மூச்சுவாங்கிய ஜென்-2-ஐ இத்தனையும் தெரிந்த ஒரு போமன் எடுத்துக்கொண்டால், முதலில் தாளின் மூலையைப் பார்ப்பார். இரண்டு கோட்டுக்கும் ஒரே திருத்தம்தான். பிறகு 2,800-இல் விரலை வைப்பார். புதுக் கோடு அங்கே பழையதைவிடத் தாழ்ந்திருக்கும். 4-1 எக்ஸ்ட்ராக்டரின் கைவரிசை. ஆனால் தாளில் இருக்கும் சரிவைவிட மேட்டில் தெரியும் சரிவு பெரிது. மீதிக்குக் காரணம் பானட்டுக்குள் இருக்கிறது. டைனோவில் பானட் திறந்து, ஆளுயர விசிறி பாட் ஃபில்டரின் முகத்திலேயே வீசிக்கொண்டிருந்தது. சாலையில் பானட் மூடி, நெரிசலில் நின்று நின்று, அதே ஃபில்டர் எக்ஸ்ட்ராக்டருக்கு ஒரு முழம் தள்ளி 60 டிகிரிக் காற்றைக் குடிக்கிறது; 35 டிகிரிக் காற்றைவிட அது ஏழு விழுக்காட்டுக்கு மேல் மெலிந்த காற்று.

ஆகவே பானட்டை மூடி, விசிறியைத் தள்ளி நிறுத்தி, பத்து நிமிடம் ஐடிலிங்கில் சுடவிட்டு இன்னொரு கோடு. பிறகு மூலையில் கிடக்கும் பழைய ஃபில்டர் பெட்டியை, பம்பருக்குப் பின்னாலிருந்து காற்றெடுக்கும் அதன் மூக்கோடு சேர்த்துப் பூட்டி, அதே சூட்டில் மற்றொரு கோடு. கீழ்ப்பகுதியில் பாதி திரும்பி வந்துவிடும். உச்சியில் மூன்று குதிரை இறங்கும். மீதிப் பாதிக்கு எக்ஸ்ட்ராக்டரையும் கழற்ற வேண்டும் என்று போமன் சொல்லும்போது உரிமையாளர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “சத்தம் போயிடுமேண்ணே” என்பார். ஃபில்டர் பெட்டி இருக்கும், எக்ஸ்ட்ராக்டரும் இருக்கும். வண்டி மறுபடி மேட்டுக்குப் போகும்.